ஜைத்தூன் சொல்லாத பெயர்

பாட்னா பக்கம் எங்கள் நூர்கஞ்சில் நெசவுக்காரர் தெருவுக்குப் போய் "ஜைத்தூன் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். மகள் பெயரை வைத்து "ஷகீலா அம்மா வீடு" என்று கேளுங்கள், ஆளாளுக்குக் கையை நீட்டி வழி காட்டுவார்கள். எங்கள் ஊரில் பொம்பளைக்குப் பெயர் என்பது பெட்டியில் வைத்த கல்யாணத் துணி மாதிரி. இருக்கும், வெளியே வராது.

அவள் புருஷன் பெயர் மக்தூம். நான் தாராளமாகச் சொல்லலாம், எனக்கு அவர் புருஷன் இல்லை. ஜைத்தூன் சொல்ல மாட்டாள். பதிமூன்று வயதில் நிக்காஹ் ஆகி வந்தவள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. பக்கத்து ஊரில் மக்தூம் சாஹிப் தர்கா இருக்கிறது. ஊர் உலகமே அப்படித்தான் சொல்லும். இவள் மட்டும் "பெரியவர் தர்கா" என்பாள். புருஷன் பெயர் ஞானியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதாம்!

சிரிக்காதீர்கள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்தில் வேதவாக்கு. முஸ்லிம் தெருவிலும் அதேதான், இந்துத் தெருவிலும் அதேதான். கிணற்றடிச் சண்டையில் பத்தூலன் என்கிற பொம்பளை புருஷன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்த வருஷ வெள்ளத்தில் அவன் போய்விட்டான். வெள்ளத்தில் போனவர்கள் பதினோரு பேர், மீதிப் பத்துப் பேர் பெயரை எவள் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. ஜைத்தூனும் கேட்கவில்லை.

ஜைத்தூன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபுலேசரி வீடு. அவள் புருஷன் ஜக்லால் தாந்தி. தாந்தி என்றால் இந்து நெசவுக்காரர்கள். இவர்கள் தறிக்குழியும் அவர்கள் தறிக்குழியும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். தறிக்கட்டை அடிக்கிற சத்தத்தை வைத்தே, யார் வேலை செய்கிறார்கள், யார் பீடி குடிக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஃபுலேசரி இரண்டு வயது மூத்தவள், ஜைத்தூன் அவளை அக்கா என்பாள். அந்த அக்கா, ஜைத்தூன் கையால் சமைத்ததைத் தொட மாட்டாள். கொய்யாப் பழம் வாங்குவாள், மாவு வாங்குவாள், ரொட்டி என்றால் முடியாது. "உன் கை சுத்தம்டி, எங்க சாதிதான் அசுத்தம்" என்பாள். ஜைத்தூனுக்கு அதில் கோபம் உண்டு. கோபம் ஒரு பக்கம், பிரியம் ஒரு பக்கம்.

உலகப் பெரிய சண்டைக் காலத்தில் நூலுக்குக் கண்ட்ரோல் வந்தது. நூல் டிப்போவில் கார்டு ஆம்பளை பெயரில். ஆம்பளை தறிக்குழியை விட்டு எழுந்தால் அன்றைய துணி போச்சு, அதனால் வரிசையில் நிற்பது பொம்பளைகள். குமாஸ்தா பேரேட்டைப் புரட்டிக்கொண்டு கேட்பார்.

"புருஷன் பேரு?"

ஜைத்தூன் வாயைத் திறக்க மாட்டாள். பின்னால் நிற்கிற ஃபுலேசரி சொல்வாள். "இவ வீட்டுக்காரர் மக்தூம் அன்சாரி. எழுதிக்குங்க."

"உன் புருஷன் பேரு?"

இப்போது ஜைத்தூன் முறை. "ஜக்லால் தாந்தி. முழுசா எழுதுங்க, போன தடவை பாதியை முழுங்கிட்டீங்க."

"ரெண்டு பேரும் புருஷனை மாத்திக்கிட்டீங்கன்னா எனக்கு வேலை மிச்சம்" என்பார் குமாஸ்தா.

"உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்க வாயில உங்க பேரு வருதான்னு பாத்துடலாம்" என்பாள் ஃபுலேசரி. வரிசையே சிரிக்கும்.

இதுதான் ஏற்பாடு. இவள் பெயரை அவள் சொல்வாள், அவள் பெயரை இவள் சொல்வாள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி டிப்போப் பக்கமே போனதில்லை.

இனி மக்தூம் கதைக்கு வருகிறேன். முப்பத்தெட்டாம் வருஷம் அவர் மோமின் கட்சியில் சேர்ந்தார். மோமின் என்றால் முஸ்லிம் நெசவுக்காரர்கள். ஊரில் பெரிய மனிதர்களுக்கு நாங்கள் மோமினும் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் ஜுலாஹா, நெசவுக்காரனை மட்டமாகச் சொல்கிற பெயர். வெள்ளைக்காரன் பட்டம் கொடுத்த கான் பகதூர் ஒருவர் எங்கள் ஊரில் உண்டு, அவர் வீட்டுக் கல்யாண விருந்தில் மக்தூமை ஜமக்காளத்தின் ஓரத்திலிருந்தும் எழுப்பி, செருப்பு விடுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அதே கான் பகதூர் முஸ்லிம் லீகில் சேர்ந்து, முஸ்லிம்களுக்குத் தனி நாடு வேண்டும் என்று மேடை போட்டுப் பேசினபோது மக்தூம் எழுந்து கேட்டார்:

"ஒரே பாயில உக்கார இடம் குடுக்காதவங்க, ஒரே நாட்டுல இடம் குடுப்பீங்களா?"

அன்றைக்கு அடிக்க வந்தார்கள். ஜக்லால் குறுக்கே விழுந்து தோளில் தடியடி வாங்கினான். வெள்ளையனே வெளியேறு என்று நாடே கிளம்பின நாற்பத்திரண்டு ஆகஸ்டில் இரண்டு பேரும் சேர்ந்தே போலீஸ் ஸ்டேஷன் கூரையில் ஏறிக் கொடி கட்டினார்கள். சேர்ந்தே பிடிபட்டார்கள். ஹஜாரிபாக் ஜெயிலில் இருபது மாதம்.

ஜெயில் வாசலிலும் அதே கேள்விதான். "யாரைப் பாக்கணும்? கைதி பேரு?" ஃபுலேசரி மக்தூம் பெயரைச் சொன்னாள், ஜைத்தூன் ஜக்லால் பெயரைச் சொன்னாள். வார்டர் நூர்கஞ்ச் குமாஸ்தாவா என்ன? பெயரைச் சொன்னவள்தான் பெண்டாட்டி என்று எழுதிக்கொண்டான். ஃபுலேசரி கொண்டுபோன மாவு மூட்டை மக்தூமுக்குப் போயிற்று. ஜைத்தூன் சுட்டுக் கொண்டுபோன ரொட்டியும் கோழிக்கறியும் ஜக்லாலுக்குப் போயிற்று. ஜக்லால் சட்டியை வழித்துத் தின்றுவிட்டான்.

ஜக்லால் விடுதலையாகி வெளியே வந்ததும் ஃபுலேசரி அவனை உலுக்கினாள். "தெரியாமத்தானே சாப்பிட்ட? தெரியாமன்னு சொல்லு!"

"தெரிஞ்சுதான் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் கிடைச்சிருந்தா அதையும் சாப்பிட்டிருப்பேன்" என்றான் அவன். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை ஃபுலேசரி. மூன்றாம் நாள் ஜைத்தூனிடம் வந்து, "அந்தக் கறியில என்னடி போட்ட?" என்று கேட்டாளாம்.

மக்தூம் ஜெயிலிலிருந்து உயிரோடுதான் வந்தார், நெஞ்சு மட்டும் பழைய நெஞ்சாக வரவில்லை. இருமல். குழியில் இறங்கி நாலு கட்டை அடித்தால் பத்து நிமிஷம் இருமல். அங்கே சீக்கில் எத்தனையோ பேர் போனார்கள், தன் புருஷன் தப்பித்தது எதனால் என்று ஜைத்தூனுக்குத் தெரியும். வைத்தியர் தயவு இல்லை, கஷாயம் இல்லை. அவள் வாயைக் கட்டினாள், அல்லா அவர் உயிரைக் காத்தான். அவ்வளவுதான் கணக்கு. அதை யாராலும் அவள் மனசிலிருந்து பிடுங்க முடியாது.

நாற்பத்தாறில் தேர்தல் வந்தது. மோமின் கட்சி ஒரு வக்கீலை நிறுத்தியது, எதிரே கான் பகதூர். வெள்ளைக்காரன் ஓட்டை எப்படி வைத்திருந்தான் என்றால், முஸ்லிமுக்கு முஸ்லிம்தான் ஓட்டுப் போடலாம், மற்றவர்களுக்கு வேறு பட்டியல், வேறு வேட்பாளர், வேறு சாவடி. ஜக்லால் தன் வேலையை விட்டுவிட்டு வக்கீலுக்காகத் தெருத்தெருவாக அலைந்தான். "உனக்கு ஓட்டே இல்லாத இடத்துல உனக்கென்னடா வேலை?" என்று கேட்காதவர் இல்லை.

"எனக்காக அடி வாங்குறதுக்கு அவனுக்கு உரிமை உண்டு. எனக்காக ஒரு காகிதத்தைப் பெட்டியில போடுறதுக்கு உரிமை இல்ல. நல்லா இருக்குடா உங்க சட்டம்!" என்று மக்தூம் இருமி இருமிக் கத்துவார். யாரிடம் கத்துவது? சட்டம் போட்டவன் எங்கேயோ இருக்கிறான்.

எல்லோருக்கும் ஓட்டும் கிடையாது. வரி கட்டுகிற வீட்டு ஆம்பளைக்கு உண்டு, அவன் பெண்டாட்டி மனுப் போட்டால் அவளுக்கும் உண்டு. மக்தூம் வீடு வீடாக ஏறி இறங்கினார். அவருக்குத் தம்பிகளும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுமாகத் தெரு முழுக்க ஒரே வம்சம், எல்லோருக்கும் இவர்தான் மூத்தவர். ஜைத்தூனின் ஓரகத்திகள் பத்தொன்பது பேருக்கும் மனு எழுதினார். இருபதாவதாகத் தன் பெண்டாட்டிக்கு எழுதினார்.

"நம்ம தெருவுல எத்தனை ஆம்பளைங்க என்னை நம்புறாங்கன்னு எனக்குத் தெரியாது. நீ போடுற ஓட்டுதான் எனக்கு முதல் ஓட்டு" என்றார் அவளிடம். அவர் அப்படியெல்லாம் பேசுகிற ஆளே இல்லை. ஜைத்தூன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தறியில் ஓடுகிற நாடாவுக்கு நூல் சுற்றினாள். அன்றிலிருந்து அந்த ஓட்டு அவளுக்கு நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. போட்டே ஆக வேண்டும்.

மூன்று வாரம் அவர் பாடம் நடத்தினார். "மஞ்சப் பெட்டி நம்மது, பச்சை அவங்களது. சீட்டை மடிக்கணும். முக்காட்டை, சாவடியில சீட்டுக் குடுக்கிற டீச்சரம்மா முன்னாடி மட்டும் தூக்குங்க. பயப்படாதீங்க." எல்லாம் சொல்லிக் கொடுத்தார். உள்ளே போனதும் முதலில் என்ன கேட்பார்கள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? டிப்போ வரிசையில் அவர் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். ஆம்பளைக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, அவன் பெயரை அவனே சொல்லிக்கொள்வான்.

பங்குனி மாதம், ஹோலி வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. ஓட்டு நாளன்று மக்தூம் விடியும் முன்பே நாலு மைல் தள்ளி ஒரு கிராமத்துச் சாவடிக்கு ஏஜெண்டாகப் போய்விட்டார். ஜைத்தூனும் ஃபுலேசரியும் வழக்கம்போலச் சேர்ந்தே கிளம்பினார்கள். முன்னால் பத்தொன்பது பர்தாக்கள். நாற்சந்தியில் கான்ஸ்டபிள் தடியைக் குறுக்கே நீட்டினான்.

"முஸ்லிம் பொம்பளைங்க இப்படி, தானியக் கிடங்குக்கு. மத்தவங்க அப்படி, ஸ்கூலுக்கு."

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போவோம்" என்றாள் ஃபுலேசரி.

"இது என்ன திருவிழாவா? நட!"

ஜைத்தூனுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. "அக்கா, உள்ள பேரு கேட்டா?"

"கேக்க மாட்டாங்கடி. பட்டியல்ல எழுதியிருக்குல்ல" என்று கத்திக்கொண்டே அந்தப் பக்கம் போனாள் அவள்.

கேட்டார்கள். கிடங்குக்குள் திரை கட்டி, மேசைக்குப் பின்னால் பாட்னாவிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா. பக்கத்து நாற்காலியில் கான் பகதூருடைய தம்பியின் விதவை ரயீசா பேகம், அவர்கள் கட்சி ஏஜெண்ட். முதல் ஓரகத்தி போய் நின்றாள்.

"புருஷன் பேரு என்னம்மா?"

அவள் முக்காட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ரயீசா பேகம் சிரித்தாள். "பேரு சொல்லாதவ யாருன்னு எப்படித் தெரியும்? கள்ள ஓட்டா இருக்கலாம்."

"தெரிஞ்சவங்க யாராவது சொன்னாலும் போதும்" என்றாள் டீச்சரம்மா. நல்லவள்தான் பாவம்.

ஜைத்தூன் முன்னால் வந்தாள். கொழுந்தன் பெயரை அண்ணி சொல்லலாம், அதில் தடை இல்லை. "இவ வீட்டுக்காரர் இஷாக் அன்சாரி" என்றாள். சீட்டு கிடைத்தது. அடுத்தவள் வந்தாள். "ஸமீர் அன்சாரி." அடுத்தவள். "யாசீன் அன்சாரி." பத்தொன்பது பேருக்கும் ஜைத்தூன்தான் வாய். பத்தொன்பது பேரும் திரைக்குப் பின்னால் போய் மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டு, பெரிய மனுஷி மாதிரி வெளியே வந்தார்கள்.

இருபதாவதாக ஜைத்தூன்.

"புருஷன் பேரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது ஓரகத்திகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு மக்தூம் மூத்தார், புருஷனுக்கு அண்ணன். புருஷன் பெயரையாவது கனவில் உளறலாம், மூத்தார் பெயரைக் கனவிலும் சொல்லக் கூடாது! ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்த கதை ஆகிவிட்டது.

"சொல்லுங்கடி ஒருத்தியாவது" என்றாள் ஜைத்தூன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அக்கா, கொன்னுடுங்க, சொல்ல முடியாது" என்று கடைசி ஓரகத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

ஜைத்தூன் ரயீசா பேகத்தைப் பார்த்தாள். இருபது வருஷமாக அந்த வீட்டுக்குத் துணி கொடுத்தவள். "பேகம் சாஹிபா, உங்களுக்கு என்னைத் தெரியும்."

"ஜுலாஹா வீட்டு ஆம்பளைங்க பேரெல்லாம் எனக்கு எதுக்கும்மா தெரியணும்?" என்று வெற்றிலையை மடித்தாள் அவள்.

அந்த நேரம் வெளியே, சாவடியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஃபுலேசரி சத்தம் கேட்டது. ஸ்கூல் சாவடியில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஜக்லால் பெயரைச் சொல்லிவிட்டாளாம், அங்கே யாரும் தடுக்கவும் இல்லையாம். போட்டுவிட்டு ஓட்டமாக வந்திருக்கிறாள். ஜைத்தூன் திரையை விலக்கிக்கொண்டு கத்தினாள். "அக்கா, பேரு கேக்கறாங்க!"

"மக்தூம் அன்சாரி!" கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஃபுலேசரி தொண்டை கிழியக் கத்தினாள். "மக்தூம் அன்சாரி பெண்டாட்டி அவ! என் பக்கத்து வீடு! இருபத்திரண்டு வருஷமா எனக்குத் தெரியும்!"

ரயீசா பேகம் எழுந்துவிட்டாள். "இது செல்லாது. அந்தப் பொம்பளை இந்தப் பட்டியல்லயே இல்ல. ரோட்டுல போறவ சாட்சி சொன்னா எடுத்துக்குவீங்களா?"

டீச்சரம்மா சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். அதில் ஃபுலேசரிக்கு இடம் இல்லை. "நான் என்னம்மா செய்யட்டும்? இந்தப் பட்டியல்ல இருக்கறவங்கதான் அடையாளம் சொல்லலாம். இல்லேன்னா நீயே சொல்லு. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு, வெளிய போய் யோசிச்சுட்டு வா."

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பத்தொன்பது பேர் ஓட்டு அவள் நாக்கில் இருந்தது. அவள் ஓட்டு இருந்த நாக்கு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. நடுவில் ஒரு சணல் கயிறு, அவ்வளவுதான்.

ஜைத்தூன் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தாள். ஃபுலேசரி கயிற்றுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லிடட்டுமாக்கா?"

"சொல்லாதடி. ஓட்டு அடுத்த வாட்டி வரும். ஆளு போனா வருவாரா? ஏற்கெனவே அந்த இருமல்."

"அவரு முதல் ஓட்டு நீதான்னு சொன்னாருக்கா."

ஃபுலேசரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பட்டியலை ரெண்டாக் கிழிச்சவன் கையில புழு வைக்க" என்றாள்.

மணி மூன்றாயிற்று, நாலாயிற்று. ஓரகத்திகள் ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜைத்தூன் இரண்டு தடவை எழுந்து கிடங்கு வாசல் வரை போனாள். இரண்டு தடவையும் இருமல் சத்தம் காதில் கேட்டமாதிரி இருந்தது, திரும்பி வந்துவிட்டாள். வாயைக் கட்டிக் காப்பாற்றிய உயிர். ஒரு காகிதத்துக்காக அதை எடுத்துக் கொடுப்பதா? கொடுக்காவிட்டால், அந்த மனுஷன் இருமிக்கொண்டே வீடு வீடாக ஏறி இறங்கினது எதற்கு? இப்படியே போய்க்கொண்டிருந்தது நேரம்.

கடைசியில் ரயீசா பேகம் வெளியே வந்தாள். குதிரை வண்டியில் ஏறப் போனவள், மரத்தடியில் இவளைப் பார்த்து நின்றாள்.

"இன்னும் இங்கதான் இருக்கியா? பேரு சொல்லக்கூட நாதியில்லாத கட்சிக்கு ஓட்டு ஒரு கேடா!"

ஜைத்தூனுக்கு எங்கே சுட்டதோ தெரியாது. எழுந்தாள், பர்தா கல்லில் மாட்டிக் கிழிந்தது, இழுத்துக்கொண்டு ஓடினாள். கிடங்கு வாசலில் நின்று கத்தினாள்.

"மக்தூம்! மக்தூம் அன்சாரி! கேட்டுதா? மக்தூம் அன்சாரிதான் என் புருஷன்!"

டீச்சரம்மா பெட்டி வாயில் உருக்கின அரக்கை ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து அடித்து ஏழு நிமிஷம்.

"ஐயோ, ஏழு நிமிஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்றாள். உண்மையாகவே அவள் கண் கலங்கியிருந்தது. கண் கலங்கி என்ன பிரயோஜனம், அரக்கு காய்ந்துவிட்டது.

அப்போது பின்னால் தெருவில் ஒரு குரல். "யாரு? யாரு என்னைக் கூப்பிட்டது?"

மக்தூம் வந்துகொண்டிருந்தார். கிராமத்துச் சாவடியில் நாலு மணிக்கே எல்லோரும் போட்டு முடித்துவிட, வண்டியில் வந்து இறங்கியவர், தன் பெயரைக் கேட்டு, அந்தக் குரலையும் கேட்டு, என்ன விபரீதமோ என்று ஓடி வந்தார். ஓடி வந்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினார். ஜைத்தூன் தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பேரும் போச்சு, ஓட்டும் போச்சு.

அவர் செத்துப் போய்விடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பத்து நாள் ஜைத்தூன் தூங்கவில்லை. பெரியவர் தர்காவுக்குப் போய்ப் போர்வை சாத்திவிட்டு வந்தாள். ஃபுலேசரியும் தன் பங்குக்குச் சூரியனுக்கு விரதம் வேண்டிக்கொண்டாள். மக்தூமுக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. "ஏம்மா, அன்னைக்குக் கூப்பிட்டியே, நல்லா இருந்துச்சு. இன்னொரு வாட்டி கூப்பிடேன்" என்றார். அவள் நூல் சுற்றின நாடாவை அவர் மேலேயே எறிந்தாள்.

முடிவு வந்தது. ஃபுலேசரி ஓட்டுப் போட்ட இடத்தில் அவள் போட்ட ஆள் மலையளவு வித்தியாசத்தில் ஜெயித்தான், அவள் ஒரு ஓட்டு அங்கே இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இங்கே வக்கீல் தோற்றார். மக்தூம் சமாதானம் சொன்னார்.

"நானூறு ஓட்டுல தோத்தோம். உன் ஒரு ஓட்டு என்ன பண்ணியிருக்கும், விடு."

"ஜெயிக்கிறதுக்கா நான் போனேன்?" ஜைத்தூன் கையிலிருந்த நூலைக் கீழே போட்டாள். "முதல் ஓட்டுன்னு சொன்னீங்களே, அதைப் போடறதுக்குப் போனேன். நான் வாங்கிக் கொடுத்த பத்தொன்பதும் உள்ள போச்சு, என்னுது போகல. இப்ப ஒரு ஓட்டு என்னத்துக்குன்னு கேக்கறீங்க!"

மக்தூம் குழியில் இறங்கி உட்கார்ந்தார். தறி ஓடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் கட்டைச் சத்தம் நின்றது.

அடுத்த மாதம் நூல் டிப்போ திறந்தது. இருவரும் சேர்ந்துதான் போனார்கள். முற்றத்தில் நடுவே ஒரு சணல் கயிறு கட்டியிருந்தது. இந்தப் பக்கம் அன்சாரிகள், அந்தப் பக்கம் தாந்திகள்.

"இது எவன் உத்தரவு?" என்றாள் ஃபுலேசரி.

"உத்தரவெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் அதே பழைய குமாஸ்தா. "ஓட்டுக்கு எழுதின பட்டியல் ரெண்டா வந்துச்சு. ரெண்டு பட்டியல், ரெண்டு வரிசை. எனக்கு வேலை சுளுவு. போய் நில்லுங்க."

நின்றார்கள். ஜைத்தூன் முறை வந்தது.

"புருஷன் பேரு?"

அவளுக்கு வாய் திறந்தது. இனிமேல் என்ன பயம்? ஊர் கேட்கக் கத்தியாகிவிட்டது, சொல்லிவிட்டு நூலை வாங்கிக்கொண்டு போகலாம். ம என்று உதடு கூடிவிட்டது.

"மக்தூம் அன்சாரி!" கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது சத்தம். "ஏய், வாயை மூடுடி! நான் என்ன செத்தா போயிட்டேன்?"

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டார். "அந்த வரிசை ஆளு இந்த வரிசைக்குப் பேரு சொல்லக் கூடாது."

"அவ புருஷன் பேரு ஜக்லால் தாந்தி!" என்று ஜைத்தூன் அவர் முகத்துக்கு நேராகக் கத்தினாள். கண்ணில் வந்த தண்ணீரைத் துடைக்கவும் இல்லை. "முழுசா எழுதுங்க. வரிசை மாறிச் சொல்லக் கூடாதுன்னா கயித்தை அவுருங்க. நாங்களா கட்டினோம்?"

குமாஸ்தா இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார். கயிற்றை அவர் அவிழ்க்கவில்லை.